உறைக்குள் மாட்டிக்கொண்ட சான்றிதழ்

கடைக்கு வருகிறவர்கள் அவளை லேமினேஷன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் என்னவென்று பதினொரு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவள் வாயைத் திறந்து சொல்லியிருப்பாளா என்பது சந்தேகம்தான். அலுவலகங்கள் வரிசையாக நிற்கும் தெருவின் முனையில், ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஜெராக்ஸ் கடை அது. முன்னால் நகல் எடுக்கும் மெஷின் இரண்டு, பக்கத்தில் முதலாளியும் அவருடைய கம்ப்யூட்டரும். ஆகக் கடைசியில், சட்டென்று திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கும் ஒரு மூலையில், அவளும் அவளுடைய லேமினேஷன் மெஷினும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் காகிதத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாதது கொஞ்சம். கையில் வாங்கும்போதே கனத்தை வைத்து அசலா நகலா என்று சொல்லிவிடுவாள். கொடுக்கிறவர் முகத்தைப் பார்த்து அது பிறந்ததற்கான காகிதமா, செத்ததற்கான காகிதமா என்பதையும் சொல்லிவிடுவாள். சொல்லிவிடுவாள் என்றால் மனதுக்குள். வெளியே அவள் பேசுவது இரண்டே வாக்கியம்தான். "பெருசா சின்னதா?" என்பது ஒன்று. "சூடா இருக்கும், பாத்துப் பிடிங்க" என்பது இன்னொன்று.

வேலையில் அவள் சுத்தம். மெஷினில் பச்சை விளக்கு எரியும்வரை காத்திருப்பாள். காகிதத்தைப் பருத்தித் துணியால் ஒருமுறை துடைப்பாள். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, நான்கு பக்கமும் இடம் சமமாக இருக்கிறதா என்று கண்ணாலேயே அளந்துகொண்டு உள்ளே தள்ளுவாள். மறுபக்கம் அது வெதுவெதுப்பாக, கண்ணாடி மாதிரி வெளியே வரும். ஓரம் வெட்டி, மூலைகளை வளைவாக நறுக்கி நீட்டினால், வாங்குகிறவர் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் போகமாட்டார். அந்த ஒரு பார்வைக்காகத்தான் அவள் இத்தனை வருடம் அந்த மூலையில் நின்றாள் என்றுகூடச் சொல்லலாம்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரே மகள். பள்ளி விடுமுறை நாட்களில் அப்பாவோடு கட்டிடம் கட்டிடமாகப் போய், மொட்டைமாடிக்கு மேலே இருக்கும் மோட்டார் அறையில் உட்கார்ந்து, கயிறு இழுபடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த பெண். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"அம்மா, நான் ரஷ்யாவுல இஞ்சினியரிங் படிக்கப் போறேன்."

"போயிட்டு எப்ப வருவ?" என்று கேட்டாள் அம்மா, பக்கத்துத் தெருவுக்குப் போகிறவளைக் கேட்பது போல.

"அஞ்சு வருஷம்மா."

அன்றைக்கு ஆரம்பித்த குழப்பம். அந்த நாட்டு அரசாங்கமே வருடத்துக்குக் கொஞ்சம் வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறதாம். கம்ப்யூட்டரில் விண்ணப்பிக்க வேண்டுமாம். அதில் முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று படிகள் இருக்கிறதாம். ஆறு பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டுமாம். ஒவ்வொரு படிப்புக்கும் பெயருக்கு முன்னால் ஓர் எண், அந்த எண்ணுக்குள் இரண்டு புள்ளி. ஒரு புள்ளி தவறினால் லிஃப்ட் படிக்கப் போனவள் மாட்டு வைத்தியம் படித்துக்கொண்டிருப்பாள் என்று மகள் சிரித்தாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாள் முழுக்கப் படிவங்களோடு புழங்குகிறவள் அவள். எந்த ஊரில் எந்தக் கட்டம் தவறினாலும் ஆளையே திருப்பி அனுப்புவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"முதல் வருஷம் பாடமே கிடையாதும்மா. ரஷ்ய மொழி மட்டும்தான்."

"ஒரு வருஷம் பேசறதுக்கா? இஞ்சினியருக்கு எதுக்குடி பேச்சு? உங்கப்பா என்ன லிஃப்ட்கிட்ட பேசிட்டா இருக்காரு?"

"பேசுவேனே" என்றார் கணவர், கையில் கிரீஸோடு. "வாயில வர்றதெல்லாம் பேசுவேன். அப்பத்தான் நகரும்."

மருத்துவச் சான்றிதழ் என்றார்கள். மூன்று பேர் மூன்று விதமான படிவம் சொன்னார்கள். மொழிபெயர்ப்பு என்றார்கள். இங்கேயே செய்ய வேண்டும் என்று ஒருவர், அங்கே போய்த்தான் செய்ய வேண்டும் என்று இன்னொருவர். புகைப்படத்தில் காது தெரிய வேண்டும் என்றார்கள், ஏன் என்று யாரும் சொல்லவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது அவளுக்கு. மகளுக்குப் புரிந்தது, அல்லது புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். அம்மாவுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த ஊரில் வருடத்தில் பாதி நாள் பனி.

பனி என்றால் ஈரம். ஈரம் என்றால் காகிதத்துக்கு ஆகாது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் மகளின் பையில், ஒரு சாதாரண கோப்புக்குள், மடங்கிய ஓரத்தோடு கிடப்பதைப் பார்த்தபோது அவளுக்குப் பகீரென்றது. மகளுக்குத் தன்னால் செய்ய முடிந்த ஒரே உதவி அது என்று பட்டது. மறுநாள் கடைக்கு எடுத்துப்போனாள். இருப்பதிலேயே கனமான உறையைத் தேர்ந்தெடுத்தாள். துணியால் இரண்டு முறை துடைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. பதினொரு வருடத்தில் அவ்வளவு அழகாக எதையும் அவள் செய்ததில்லை. ஒரு குமிழி இல்லை, ஒரு சுருக்கம் இல்லை.

மகள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "சூப்பர்மா" என்றாள். அவளுக்கும் அப்போது தெரியாது.

இரண்டு வாரம் கழித்து, விண்ணப்பித்த இடத்திலிருந்து ஒரு தகவல் வந்தது. சான்றிதழில் அப்போஸ்டில் முத்திரை வாங்கி, அதை ஸ்கேன் செய்து இருபதாம் தேதிக்குள் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் நேர்காணலுக்குக் கூப்பிடமாட்டார்கள்.

"அப்படின்னா என்னடி?"

"இது நிஜமான சான்றிதழ்தான்னு நம்ம அரசாங்கம் அவங்க அரசாங்கத்துக்குச் சொல்ற மாதிரி ஒரு ஸ்டிக்கரும்மா. அதுலயே ஒட்டி, மேல சீல் குத்துவாங்க."

"நிஜம்னு பாத்தாலே தெரியலையா?"

அந்த அலுவலகம் அவள் கடையிலிருந்து நான்கு கட்டிடம் தள்ளி இருந்தது. மகளோடு அவளும் போனாள், பேசுவதற்கு அல்ல, பக்கத்தில் நிற்பதற்கு. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா சான்றிதழை வாங்கினார். விரலால் ஒருமுறை தட்டினார். டக் டக் என்று சத்தம் கேட்டது.

"யாரும்மா இதுக்குச் சட்டை போட்டது?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

"ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக். ஸ்டிக்கர் ஒட்டினா வழுக்கிட்டுப் போகும், சீல் குத்தினா துடைச்சா போயிடும். எங்க குத்தறது, என் நெத்தியிலயா? எடுத்துட்டுப் போங்க. அடுத்தது!"

"சார், நல்லா இருக்கட்டும்னுதான்..." என்று இழுத்தாள் மகள்.

"நல்லாத்தான்மா இருக்கு. அதான் பிரச்சனை."

வெளியே வந்து மகள் விடுவிடுவென்று படியிறங்கினாள். தெரு முனை வரை நடந்தாள். பிறகு நின்றாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "நான் போகக்கூடாதுன்னுதானே பண்ண? வாயால சொல்லியிருக்கலாம்ல?"

அம்மாவுக்குப் பளாரென்று அறைந்தது போல இருந்தது. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்பது உண்மை என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை, அதுதான் காரணம். பனிக்காகத்தான் செய்தாள். ஆனால் உறைக்குள் அந்தக் காகிதம் அசையாமல் படுத்திருப்பதைப் பார்த்தபோது மனதுக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அது எதற்காக வந்தது? நினைத்து நினைத்துப் பார்த்தாள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பதினெட்டு நாள் இருந்தது. ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். கலர் நகல் எடுத்து அதில் முத்திரை வாங்கு என்றார் முதலாளி. அசலில்தான் குத்துவார்கள் என்றார் கடைக்கு வந்த வக்கீல் ஒருவர். ஃப்ரிட்ஜில் வைத்தால் பிளாஸ்டிக் தானாக உரிந்துவிடும் என்றாள் எதிர்க்கடைக்காரி. வைத்துப் பார்த்தார்கள், ஒரு பழைய அடையாள அட்டையை. மறுநாள் அது சில்லென்று இருந்தது, அவ்வளவுதான்.

"பள்ளிக்கூட போர்டுல வேற ஒண்ணு கேளேன்" என்றார் கணவர்.

மகள் போர்டு அலுவலகத்துக்குப் போவதாக இருந்த அன்று அவளுக்கு மருத்துவச் சான்றிதழுக்கான இரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. கணவர் ஏதோ ஒரு கட்டிடத்தில் ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவே நின்றுபோன லிஃப்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அம்மாதான் போனாள். தனியாக. பேருந்தில் உட்கார்ந்து, கேட்க வேண்டியதை மனதுக்குள் பதினைந்து முறை சொல்லிப் பார்த்தாள். மேசைக்கு முன்னால் நின்றதும் பதினைந்தும் பறந்துவிட்டது.

"இது... வேற ஒண்ணு..." என்று சான்றிதழை நீட்டினாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தொலைஞ்சுபோச்சா?"

"இல்லைங்க. இதோ இருக்கே."

"கிழிஞ்சுபோச்சா? நனைஞ்சு அழிஞ்சுபோச்சா?"

"இல்லைங்க."

"அப்புறம் எதுக்கும்மா வேற ஒண்ணு? தொலைஞ்சாலோ கெட்டுப்போனாலோதான் தருவோம். இது என்னடான்னா கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு."

"முத்திரை குத்த முடியலையாம்."

"அது கெட்டுப்போனதுல வராதே. விதியில அப்படி ஒண்ணும் இல்லையே." அந்த அம்மாளுக்கும் குழப்பம் வந்துவிட்டது. பக்கத்து மேசையைக் கேட்டார். பக்கத்து மேசை உள்ளே போய்க் கேட்டது. கடைசியில், "வேணும்னா கெடுத்து எடுத்துட்டு வாங்க, மூணு மாசத்துல புதுசு தர்றோம்" என்றார்கள்.

மூன்று மாதம். கெடுப்பதற்குக்கூட இப்போது நேரம் இல்லை.

அங்கிருந்து வந்தவள் கடைக்குப் போகவில்லை, நேராக முத்திரை அலுவலகத்துக்குப் போய், சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கேட்பதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. எங்கே போவது என்று தெரியாததால் உட்கார்ந்தாள். யாரும் அவளை என்ன என்று கேட்கவில்லை. கேட்காத மாதிரி ஓர் இடத்தில் உட்கார அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

உட்கார்ந்ததும் வழக்கம்போல வேலை செய்கிறவர்களின் கைகளைப் பார்த்தாள். குமாஸ்தா காகிதத்தை வாங்குகிறார். முகப்பைப் படிக்கிறார். பெரிய நோட்டில் எழுதுகிறார். பிறகு காகிதத்தைக் கவிழ்க்கிறார். ஸ்டிக்கரை ஒட்டுகிறார், சீல் குத்துகிறார், ஊதுகிறார். அடுத்த காகிதம். முகப்பு, நோட்டு, கவிழ்ப்பு, சீல். அடுத்தது. ஒரு மணி நேரம் பார்த்தாள். பட்டம், பிறப்பு, திருமணம், எல்லாவற்றையும் கவிழ்த்தார். ஒன்றைக்கூட முகப்பில் குத்தவில்லை.

பின்பக்கம் பிரிந்தால் போதும்.

அவள் எழுந்து நின்ற வேகத்தில் பெஞ்சின் மறுமுனையில் இருந்தவர் கீழே விழப் பார்த்தார்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் முதலாளியிடம் போய் நின்றாள். "அண்ணே, வீணாப்போன உறை இருந்தா கொடுங்க. கெட்டிக் காகிதமும் கொஞ்சம் வேணும்."

"எதுக்கும்மா?"

"பிரிக்கப் பழகணும்."

"பதினோரு வருஷம் ஒட்டிட்டு இப்பப் பிரிக்கப் போறியா?" என்றவர், எழுந்து அலமாரியைத் திறந்துவிட்டார்.

பழைய தாளில் எதையோ அச்சடித்து, உறைக்குள் வைத்து ஒட்டினாள். முடிந்தால் முழுதாகவே பிரித்துவிடலாம் என்று, ஒட்டியதை இரண்டு பக்கமும் பிரித்தாள். முதல் தாள் இரண்டாகக் கிழிந்தது. இரண்டாவதில் எழுத்தெல்லாம் பிளாஸ்டிக்கோடு போய்விட்டது, காகிதம் வெள்ளையாக அவளைப் பார்த்துச் சிரித்தது. எழுத்து இருக்கும் பக்கத்தைத் தொடவே கூடாது என்று தெரிந்தது. மூன்றாவதிலிருந்து பின்பக்கம் மட்டும். வீட்டிலிருந்து இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்தாள். சூடு அதிகமானால் பிளாஸ்டிக் அலையலையாகச் சுருங்கியது. குறைந்தால் உரிய மறுத்தது. மேலே ஈரமில்லாத துணியைப் போட்டு, பத்து வரை எண்ணி, பெட்டியை எடுத்து, மூன்று வரை எண்ணி, ஓரத்தை நகத்தால் நெம்பி, காகிதத்தோடு படுத்த மாதிரி பின்னோக்கி இழுக்க வேண்டும். தூக்கி இழுத்தால் போச்சு. இதைக் கண்டுபிடிப்பதற்குள் பதினேழு தாள் போய்விட்டது. பதினெட்டாவது சுத்தமாக வந்தது. பத்தொன்பதாவது கிழிந்தது.

"பதினெட்டு வந்துச்சு, பத்தொன்பது ஏன் வரலை?" என்றார் வேலை முடிந்து அங்கே வந்திருந்த கணவர்.

"தெரியலைங்க."

"அப்ப இருபது?"

"அதுவும் தெரியலை."

அவர் தன் பையிலிருந்து மெல்லிய ஒரு தகட்டை எடுத்துக் கொடுத்தார், லிஃப்ட் கதவின் இடுக்கில் விடுவது. "நகத்தை விட இது பரவாயில்லை பாரு." பரவாயில்லைதான். அதற்குப் பிறகு எட்டில் ஏழு சரியாக வந்தது.

எட்டில் ஏழு. மீதி ஒன்று மகளின் சான்றிதழாக இருந்தால்? அதை அவள் தனக்குள் வைத்துக்கொள்ள முடியாது. வீட்டில் மகளை உட்காரவைத்து, கிழிந்ததையும் கிழியாததையும் எதிரே பரப்பினாள். சண்டைக்குப் பிறகு இருவரும் உப்புச் சப்பில்லாமல் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

"எட்டுல ஒண்ணு கிழியுது. ஏன்னு எனக்குப் புரியலை. உன்னோடது. நீ சொல்லு."

மகள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். மோட்டார் அறையில் உட்கார்ந்து பார்க்கிற அதே பார்வை. "இது எல்லாமே கடைக் காகிதம்மா. சான்றிதழ் இதைவிடக் கெட்டி. கெட்டியானது லேசுல கிழியாது."

"கிழிஞ்சா?"

"அடுத்த வருஷம் மறுபடி."

"நான் வேணும்னு பண்ணலை" என்றாள் அம்மா. பிறகு, உண்மையாகவே குழம்பிப்போய், "வேணும்னு பண்ணலைன்னுதான் நினைக்கிறேன்" என்றாள்.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னம்மா நீ, அதைக்கூட உறுதியா சொல்ல மாட்டியா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைத் தானே சொருகினாள்.

பத்து எண்ணியது மகள். துணியை எடுத்தது அம்மா. தகடு உள்ளே போனது. கணவர் மூச்சு விடாமல் நின்றார், லிஃப்ட் வழுக்கும்போது அப்படித்தான் நிற்பாராம். பாதி வரை பட்டுப்போல வந்தது. பாதிக்குப் பிறகு ஒரு முனகல் சத்தம், காகிதத்தின் மேல்தோல் கொஞ்சம் பிளாஸ்டிக்கோடு எழும்பியது. அவள் கையை நிறுத்தினாள். மறுபடி துணி, மறுபடி பெட்டி, இந்த முறை பன்னிரண்டு. எதிர்ப்பக்கத்து மூலையிலிருந்து ஆரம்பித்தாள். வந்தது. கீழ் ஓரத்தில் ஒரு நகம் அளவுக்குச் சொரசொரப்பு. மற்றபடி பின்பக்கம் வெறும் காகிதமாக, சட்டையைக் கழற்றிய முதுகு மாதிரி கிடந்தது.

பதினேழாம் தேதி அதே கண்ணாடி, அதே குமாஸ்தா. இந்த முறை நீட்டியது அம்மா. அவர் வாங்கித் தட்டினார். "மறுபடியும் அதேதானேம்மா? சத்தம் கேக்குதே."

"கவுத்துப் பாருங்க சார்" என்றாள். அந்த அலுவலகத்தில் அவள் பேசிய முதல் வாக்கியம்.

கவிழ்த்தார். விரலால் தடவினார். சொரசொரப்பில் விரல் நின்றது. எழுந்து உள்ளே போனார், வேறொருவரிடம் காட்டினார், இருவரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தார். நோட்டில் எழுதினார். ஒட்டினார், குத்தினார், ஊதினார்.

"யாரு பிரிச்சது?"

யாராவது பதில் சொல்வார்கள் என்று வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தாள். மகள் வேண்டுமென்றே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சார்."

"ஒட்டினது?"

"அதுவும் நான்தான்."

அவர் கண்ணாடியின் ஓட்டைக்கு அருகே குனிந்து குரலைத் தாழ்த்தினார். "என் மச்சான் பொண்ணோட டிகிரி ஒண்ணு இதே மாதிரி மாட்டிக்கிட்டு இருக்கு. நாளைக்குக் கொண்டு வரட்டுமா?"

தலையாட்டினாளா இல்லையா என்பது அவளுக்கே நினைவில்லை. மகளோடு வெளியே வந்தாள். பிரித்தது நல்லதுக்கா? மகளை அனுப்புவதற்கா? இத்தனை நாள் கிழியக்கூடாது கிழியக்கூடாது என்று மட்டுமே நினைத்திருந்தாள். கிழியாவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைக்கவே இல்லை.

"அப்ப நீ போறியா?" என்று கேட்டாள்.

"இன்னும் நேர்காணல் இருக்கும்மா."

"அதுக்கு என்னென்ன பேப்பர் வேணும்? இப்பவே சொல்லிடு."

"பேப்பர் எதுவும் வேணாம். கம்ப்யூட்டர்ல முகத்தைப் பாத்துப் பேசுவாங்க. அவ்வளவுதான்."

பேப்பரே இல்லாமலா? அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். ஒரு முத்திரை இல்லை, ஒரு கையெழுத்து இல்லை, வெறும் முகத்தைப் பார்த்து ஓர் ஆளை எப்படி அவ்வளவு தூரத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று அவளுக்கு விளங்கவே இல்லை. மகளின் முகத்தைத் திருப்பி, வெயிலில் பிடித்து ஒருமுறை பார்த்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லை. காது தெரியுதான்னு பாத்தேன்" என்றாள்.